காஸி பட்டம் பெற்ற முஸ்தபா கமால்

துருக்கியின் முஸ்தபா கமால் பாஷாவைப் பற்றி நம் இல்லங்களில் இரண்டு விதமான பேச்சு உண்டு. முஸ்லிம் நாட்டை அன்னியரிடமிருந்து மீட்ட மாவீரர் என்பார் சிலர். கிலாபத்தை ஒழித்தவர் என்று முகம் சுளிப்பார் சிலர். இரண்டும் நடந்தவைதாம்.

1881ல் ஸலோனிகாவில் பிறந்தவர். மகன் மார்க்கக் கல்வி பெற வேண்டுமென்பது தாயார் சுபைதா அம்மையாரின் ஆசை. பிள்ளையோ பட்டாளத்தை நாடிச் சென்றார். 1915ல் ஆங்கிலேயரும் கூட்டாளிகளும் கல்லிப்போலியில் கரையேறியபோது மேட்டுநிலங்களைப் பிடிக்க விடாமல் தடுத்த தளபதிகளில் முக்கியமானவர் அவர். பின்னர் கிரேக்கப் படை நாட்டினுள் புகுந்தது. 1921ல் ஸக்கர்யா ஆற்றங்கரையில் 22 நாள் போர். வெற்றி கிட்டியதும் அங்காரா சபை அவருக்குக் ‘காஸி’ பட்டம் அளித்தது. மறு ஆண்டே எதிரிகள் இஸ்மிரை விட்டு ஓடினர்.

அந்தச் சபை தொடங்கிய நாளை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. ஹாஜி பைராம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுது, துஆ ஓதிய பிறகே சபையைத் திறந்தார்கள். அதே சபைதான் 1924 மார்ச் 3ல் கிலாபத்தை ரத்து செய்து, கலீபா அப்துல் மஜீதை நாடு கடத்தியது. துருக்கிக்காக நிதி திரட்டி அனுப்பிய இந்திய முஸ்லிம்கள் திகைத்துப் போனார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களும் அவர்களில் உண்டு. மத்ரஸாக்கள் அவ்வாண்டே மூடப்பட்டன. 1928ல் அரபி எழுத்தும் போயிற்று.

1932 முதல் பாங்கையே துருக்கி மொழியில் சொல்ல வைத்தார்கள். மத்ரஸாவில் ஓதிய நமக்கு இதுவே எல்லாவற்றிலும் கனமானது. அரபிப் பாங்கை வேறு மொழியாக்கிச் சொல்வது பாங்காகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. போர்க்களத்து வெற்றி எதுவும் இதற்கு ஈடாகாது.

ஆயினும் ஒன்றை மறைப்பது நீதியன்று. துருக்கி மக்கள் இன்றும் ஓதும் ஹம்தி யாஸிர் அவர்களின் பெரிய குர்ஆன் விரிவுரை, 1925ல் அந்தச் சபை பணம் ஒதுக்கியதால் எழுதப்பட்டதே.

1938 நவம்பர் 10ல் கமால் இறந்தார். ஜனாஸா தொழுகையும் நடந்தது. அதிலும் தக்பீர் துருக்கி மொழியில்தான். அவருடைய ஈமானைத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்போருக்கு நாம் பதில் தருவதில்லை. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. செய்த காரியத்தைப் பற்றிப் பேசத்தான் நமக்கு உரிமை.

1950 ஜூன் 16ல் அங்காரா சபை அரபிப் பாங்குக்கு இருந்த தடையை நீக்கியது. கமால் நிறுவிய கட்சியினரும் அன்று அதை எதிர்க்கவில்லை.