இரும்புத் தடி

அண்ணாமலையின் அடிவாரத்தில் வளர்ந்தோர்க்குக் கருங்கல்லின் உறுதியை விளக்க வேண்டுவதில்லை. பாறையைப் பிளந்து இருப்புப்பாதைக்கு வழியமைப்பதே பினியாஸ் கேஜின் தொழில். அமெரிக்காவில் 1823இல் பிறந்த அவர், இருபத்தைந்து வயதிலேயே வேலைக்குழு ஒன்றின் மேற்பார்வையாளரானார். திறமை மிக்கவர், நிதானமானவர் என்று அவரை நிறுவனத்தார் மதித்தனர்.

1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13. வெர்மான்ட் மாநிலத்துக் கேவண்டிஷ் ஊரருகே, பாறைத்துளையில் இட்ட வெடிமருந்தைக் கேஜ் இரும்புத் தடியால் கெட்டித்துக்கொண்டிருந்தார். மருந்தின்மேல் மணல் இடுவது வழக்கம். அன்று அது தவறியது என்பர். பொறி பறந்து மருந்து வெடித்தது. ஏறத்தாழ 6 கிலோ எடையும் 109 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட அத்தடி, அவரது இடக் கன்னத்தில் புகுந்து, கண்ணின் பின்புறமாக மூளையைத் துளைத்து, உச்சி வழியே வெளியேறித் தொலைவில் விழுந்தது.

சில நிமிடங்களில் அவர் பேசினார்! மாட்டுவண்டியில் நிமிர்ந்து அமர்ந்தே விடுதி சேர்ந்தார். காயம் சீழ்பிடித்து உயிர் ஊசலாடிய நாள்களில் மருத்துவர் ஜான் ஹார்லோ அவரைக் காத்தார். பத்து வாரங்களில் வீடு திரும்பிய கேஜுக்கு இடக்கண் பார்வை மட்டும் போயிற்று. நினைவு தவறவில்லை, பேச்சும் குழறவில்லை.

ஆயினும் நண்பர்கள் திகைத்தனர். பொறுமை மிக்கவர் சீறினார். தகாத சொற்களைக் கூசாது பேசினார். ஒரு திட்டத்தை வகுத்து, அதனை முடிக்காமலே வேறொன்றிற்குத் தாவினார். நிறுவனம் அவரை மீண்டும் ஏற்கவில்லை. நண்பர்களுக்கோ, இவர் தாம் அறிந்த கேஜ் அல்லர் எனத் தோன்றிற்று. சிதைந்தது நெற்றியின் பின்னுள்ள முன்மடல். எண்ணியதை ஒழுங்குபடுத்துவதும், உணர்ச்சிக்குக் கடிவாளமிடுவதும், விளைவை முன்னறிந்து நடப்பதும் அதன் பணிகள். நினைவைப் பதிக்கும் பகுதிகள் பெரிதும் வேறிடத்தில் உள்ளமையால் அவை தப்பின.

கேஜ் இறுதிவரை சீரழிந்தே திரிந்தார் எனப் பலரும் எழுதிவிட்டனர். அது முழு உண்மையன்று. 1852இல் சிலி நாடு சென்ற அவர், பல குதிரைகள் பூட்டிய பயணவண்டியை ஏறத்தாழ ஏழாண்டுகள் ஓட்டினார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த அவ்வேலை, இழந்த கட்டுப்பாட்டில் ஒரு பகுதியை அவருக்கு மீட்டளித்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். பயணிகளிடம் பழகவும் குதிரைகளின் குணமறிந்து நடத்தவும் தெரியாதவரால் அத்தொழிலில் ஓராண்டுகூட நிலைத்திருக்க இயலாது.

பின்னர் உடல்நலம் குன்றி, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடம் வந்தார். வலிப்புநோய் தொடர்ந்து தாக்க, 1860 மே மாதம் மறைந்தார். செய்தி ஹார்லோவுக்கு எட்டியது ஆறாண்டுகள் கழித்தே. குடும்பத்தாரின் இசைவுடன் தோண்டியெடுக்கப்பட்ட மண்டையோடும், கேஜ் தம்முடனே வைத்திருந்த அந்த இரும்புத் தடியும் இன்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் அருங்காட்சியகத்தில் உள்ளன.