ஒளிரும் வாயுவை அளந்த அறிஞர்

அமெரிக்க நாட்டின் புரூக்ளின் நகரில், 1881-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள், இர்விங் லாங்மியூர் பிறந்தார். கண்டவற்றைக் கூர்ந்து நோக்கிக் குறித்துவைக்குமாறு பெற்றோர் அவரைப் பழக்கினர். எனினும், அவருடைய பார்வை மங்கலானது என்பது பதினொன்றாம் வயதில்தான் தெரியவந்தது. அக்குறை நீங்கியதும், அதுவரை காணாத நுட்பங்களெல்லாம் புலப்பட்டன. உற்றுநோக்கும் ஆர்வமும் பெருகியது.

கொலம்பியாவிலும் செருமனியின் கெட்டிங்கனிலும் கற்றுத் தேர்ந்த அவர், சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். 1909-இல் ஷெனக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். மின்விளக்கின் கண்ணாடிக் குமிழ் உட்புறம் கறுத்துவிடுவது அந்நாளில் பெருங்குறையாக இருந்தது. குமிழினுள் எஞ்சிய வாயுவே அதற்குக் காரணம் என்றும், வெற்றிடத்தைச் செம்மைப்படுத்தினால் குறை தீரும் என்றும் பலர் கருதினர். லாங்மியூரோ பல்வேறு வாயுக்களை உட்செலுத்திப் பார்த்தார். பயன் உடனே கிட்டவில்லை. ஊதியம் பெற்றும் நிறுவனத்துக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று அவர் கூச்சமுற்றார். ஆயினும் கூடத்தின் தலைவர் விட்னி அவரைத் தடுக்கவில்லை. இறுதியில், சூடேறிய டங்ஸ்டன் இழை ஆவியாவதே கறுப்புக்குக் காரணம் என்று கண்டார். நைட்ரஜனை நிரப்பி அதனைக் குறைத்தார். 1913-இல் புதிய விளக்குகள் வெளிவந்தன.

பின்னர் அவர் கருத்து, குறைந்த அழுத்தமுள்ள வாயுவில் மின்சாரம் பாய்வதன்மேல் சென்றது. அப்போது வாயு ஒளிரும். எலெக்ட்ரான்கள் பிரிந்து விரையும். அவற்றைக் கணக்கிடுவது எவ்வாறு? அவர் சிறு உலோகக் கம்பி ஒன்றை உள்ளே நுழைத்து, அதன் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, அதில் பாயும் மின்னோட்டத்தை அளந்தார். முன்னோரும் கம்பியை இட்டதுண்டு. ஆனால், மின்னோட்டமின்றி விடப்பட்ட கம்பி காட்டும் மின்னழுத்தமே வாயுவின் மின்னழுத்தம் என எண்ணி மயங்கினர். கம்பியைச் சுற்றி மெல்லிய மின்னுறை ஒன்று உண்டாவதை லாங்மியூர் விளக்கினார். எலெக்ட்ரான்களின் செறிவையும் வெப்பநிலையையும் கணிக்கும் வழியை, மாட்ஸ்மித் என்பாருடன் சேர்ந்து வகுத்தார். இந்நிலையிலுள்ள வாயுவுக்கு 1928-இல் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். மேற்பரப்பு வேதியியலில் செய்த ஆராய்ச்சிக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்றார்; 1957-இல் இயற்கை எய்தினார்.

இன்று எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்க நைட்ரஜன் பிளாஸ்மா பயன்படுகின்றது. வானொலி அலைகளைப்போல் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 36 இலட்சம் முறை அலையும் மின்புலத்தாலும் அதனை உண்டாக்குகின்றனர். அவ்வலைவு அளவைக் குழப்பாதபடி கம்பியோடு மின்சுருள்களை இணைக்கின்றனர். கணிப்பொறி வகுத்த கணக்கு மெய்தானா என்பதை இன்றும் அச்சிறு கம்பியைக்கொண்டு சோதிக்கின்றனர்.

பலர் கொண்ட கருத்தேயாயினும், ஆராய்ந்து பாராமல் ஏற்கலாகாது என்பதே லாங்மியூரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.