இல்லறத்தில் நிகர்நிலை கண்ட அன்னை சாவித்திரிபாய்

தாழ்த்தப்பட்டோர்க்குக் கல்விக்கண் திறந்த முன்னோடிகளை எண்ணுங்கால், மராட்டிய நாட்டின் சாவித்திரிபாய் பூலே அம்மையாரை நாம் மறத்தல் இயலாது. அவர்தம் கல்வித் தொண்டினைப் பலரும் அறிவர். அத்தொண்டிற்கு நிலைக்களனாய் விளங்கிய அவர்தம் இல்லறத்தை அறிந்தோர் சிலரே. கணவனும் மனைவியும் நிகரானவராய் வாழுமாறு எங்ஙனம் என்பதை இளைஞர்கள் அவ்வில்லறத்தினின்றும் கற்றல் வேண்டும்.

சாதாரா மாவட்டத்து நைகாவ் என்னும் சிற்றூரில், 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மாலி வகுப்பில் அம்மையார் பிறந்தார். 1840இல், ஒன்பதாம் வயதிலேயே சோதிராவ் பூலேவுக்கு மணம் செய்விக்கப்பெற்றார். ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்த மணமன்று அது. பெரியோர் முடித்த குழந்தை மணமே. எனினும், எழுத்தறியாத துணைவிக்குச் சோதிராவ் தாமே ஆசிரியரானார். மனைவி தமக்குப் பணிவிடை செய்யப் பிறந்தவள் என்று அவர் கருதினாரல்லர்.

1848இல் புனே நகரில் பெண்களுக்கெனச் சோதிராவ் தொடங்கிய பள்ளியில் அம்மையார் ஆசிரியரானார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மேல் சேற்றையும் சாணத்தையும் எறிந்தனர். அவரோ மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திப் பாடம் நடத்தினார். ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய மாமனார், பள்ளியையேனும் வீட்டையேனும் விடுக என்றார். 1849இல் இருவரும் வீட்டைத் துறந்தனர். மகர், மாங்கு வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் கண்டனர்.

அவர்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. மறுமணம் புரியுமாறு உற்றார் வற்புறுத்தியும் சோதிராவ் இசைந்தாரல்லர். பிள்ளையின்மையைப் பெண்ணின் குற்றமாக்கும் உலகில் இஃது எளிய செயலன்று. ஆண் பல மனைவியரைக் கொள்ளலாம் எனின், பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டென ஒப்புவரோ என்று, அவர் மறைவுக்குப்பின் 1891இல் வெளிவந்த நூலிலும் அவர் வினவியுள்ளார். கைம்பெண்களின் பேறுகாலத்திற்கென 1863இல் இருவரும் இல்லம் ஒன்று அமைத்தனர். பின்னர்ப் பார்ப்பனக் கைம்பெண் ஒருவர் ஈன்ற யசுவந்தரை மகனாக ஏற்று வளர்த்தனர்.

ஈண்டு நிகழ்ச்சி ஒன்றை நாம் சிறப்பாகக் குறித்தல் வேண்டும். 1868இல் அம்மையார் நைகாவில் தங்கியிருந்தார். அங்கே பார்ப்பன இளைஞன் ஒருவனும் மகர் குலப் பெண் ஒருத்தியும் காதல் கொண்டனர், அவள் கருவுற்றிருந்தாள். ஊரார் இருவரையும் தெருவில் இழுத்துவந்து கொல்ல முற்பட்டனர். செய்தி கேட்டு விரைந்த அம்மையார், கொலைக்கு அரசின் தண்டனை உண்டென எச்சரித்து இருவர் உயிரையும் காத்தார். பின்பு அவர்களைப் புனேயிலிருந்த கணவரிடம் அனுப்பி, நடந்ததைக் கடிதத்தில் எழுதினார். கணவரிடம் அவர் முன்னிசைவு வேண்டிக் காத்திருக்கவில்லை. தாம் செய்ததைக் கணவரும் செய்திருப்பார் என்னும் உறுதி அவருக்கிருந்தது. நிகரான இல்லறத்தின் வலிமை இதுவேயாம்.

1873இல் தோன்றிய சத்திய சோதக் சமாசம் புரோகிதர் இன்றித் திருமணங்களை நடத்தியது. அவற்றில் மணமகள் பெண்டிர்க்குரிய உரிமைகளைக் கேட்பாள். மணமகன் அவற்றை அளிப்பதாக அவையறிய உறுதிகூறுவான். தம் வீட்டில் வாழ்ந்து காட்டியதையே அவ்விருவரும் நாட்டிற்கு முறையாக்கினர்.

1890 நவம்பர் 28இல் சோதிராவ் மறைந்தார். ஈமச் சடங்கில் மகனின் உரிமையை உறவினர் மறுத்தபொழுது, அம்மையாரே கொள்ளிச்சட்டி ஏந்தி முன்நடந்தார். 1897இல் புனேயில் பிளேக் நோய் பரவிற்று. மகர் குலச் சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்து மருத்துவ விடுதி சேர்த்த அம்மையார், அந்நோய் தம்மையும் பற்ற, மார்ச்சு 10ஆம் நாள் உயிர்நீத்தார்.

இளைஞர்களே! சாதி கடந்து காதலித்தமைக்காகக் கொல்லப்படுவோர் பற்றிய செய்திகளை நாம் இன்றும் படிக்கின்றோம். அக்கொடுமையை எதிர்த்தல் நம் கடமை. அதே வேளையில் நம் வீட்டினுள்ளும் நோக்குதல் வேண்டும். மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் உண்ட தட்டைத் தங்கையிடம் நீட்டும் மாணவர்களை நம் ஆசிரியப் பணியில் கண்டிருக்கின்றோம். மனைவியின் படிப்பைத் திருமணத்தோடு நிறுத்திய பட்டதாரிகளையும் அறிவோம். பிறர் நம்மைத் தாழ்த்துதல் தவறெனின், நாம் நம் பெண்களைத் தாழ்த்துதலும் தவறேயாம். அண்ணல் அம்பேத்கர் தம் ஆசான்களுள் ஒருவராகப் போற்றியவர் சோதிராவ். அவர் தம் சீர்திருத்தத்தைத் தம் மனைவிக்கு எழுத்தறிவித்துத் தொடங்கினார். நாமும் நம் வீட்டினின்றே தொடங்குவோமாக!