காணாத காற்றைக் கண்டவர்: ஜெரார்டு கைப்பர்

மங்கிய விண்மீனையும் வெறுங்கண்ணால் காணவல்ல கூரிய பார்வையை இயல்பாகவே பெற்றிருந்த ஒருவர், எவர் கண்ணுக்கும் புலனாகாத காற்றினைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்பது வியப்பிற்குரிய செய்தியன்றோ? அவரே கோளியல் அறிஞர் ஜெரார்டு கைப்பர்.

நெதர்லாந்தின் வடஹாலந்துப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், 1905 டிசம்பர் 7 ஆம் நாள், தையற்காரர் ஒருவரின் மகனாகக் கைப்பர் பிறந்தார். அவர் பெற்ற பள்ளிக்கல்வி தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கே வழி காட்டியது. எனினும் கடினமான தனித்தேர்வு ஒன்றில் வென்று, 1924 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரட்டை விண்மீன்களை ஆராய்ந்து 1933 இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். தமிழர் போற்றும் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அங்குப் பணியில் சேர்ந்ததும் அக்காலத்திலேயே ஆகும்.

அந்நாளில் கோள்களை ஆராய்வோருக்கு வானியலாரிடையே மதிப்பில்லை. செவ்வாயில் அறிவுடைய உயிர்கள் கால்வாய் வெட்டியுள்ளன எனப் பெர்சிவல் லோவெல் எழுப்பிய ஆரவாரம் அத்துறைக்கே இழுக்கைத் தேடித் தந்திருந்தது. விண்மீன் ஆய்வில் பெயர் பெற்றிருந்த கைப்பரோ, பிறர் ஒதுக்கிய அவ்வழியிலேயே துணிந்து நடந்தார்.

கோள்களிலிருந்து வரும் ஒளி, அவை எதிரொளிக்கும் கதிரவன் ஒளியே. அவ்வொளி ஒரு வாயுவின் ஊடே செல்லுங்கால், அவ்வாயு தனக்குரிய சில நிறங்களை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, நிறமாலையில் தோன்றும் இருண்ட பட்டைகளைக் கொண்டு அங்குள்ள வாயு இன்னதென அறியலாம். போர்க்காலப் பணிக்கு இடையே கிடைத்த சிறு ஓய்வில், டெக்சாசில் மெக்டொனால்டு வானாய்வகத்தின் 82 அங்குலத் தொலைநோக்கியைப் பெரிய துணைக்கோள்களை நோக்கித் திருப்பினார் கைப்பர். சனியின் துணைக்கோளாகிய டைட்டனின் ஒளியில் மீத்தேனின் தடயம் இருந்தது. துணைக்கோள் ஒன்றிற்கும் காற்று மண்டலம் உண்டு என்பதை உலகம் 1944 இல் முதன்முதலாக உறுதியாக அறிந்தது.

அடுத்து அவர் செவ்வாயின் பக்கம் திரும்பினார். அகச்சிவப்புக் கதிர்களை உணரும் புதிய கருவி போருக்குப் பின் கிடைத்தது. ஆயினும் ஓர் இடர் குறுக்கிட்டது. நம் புவிக்காற்றிலேயே கரியமிலவாயு உள்ளதால், காணும் தடயம் புவியுடையதா, செவ்வாயுடையதா என எங்ஙனம் பிரித்தறிவது? அவர் காற்றில்லாத நிலவின் ஒளியை ஒப்புநோக்கினார். நிலவொளியில் தோன்றும் தடயம் புவிக்கு உரியது. செவ்வாயின் ஒளியில் அதனினும் மிகுந்து தோன்றுவது செவ்வாய்க்கு உரியது. இவ்வாறு 1947 இல் செவ்வாயில் கரியமிலவாயு இருப்பதை நிறுவினார்.

1960 இல் அரிசோனா சென்று, நிலவுக்கும் கோள்களுக்குமென ஓர் ஆய்வகம் நிறுவினார். புவிக்காற்றின் நீராவி அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதால் மலையுச்சிகளை நாடினார். ஹவாயின் மௌனா கியா மலையின் சிறப்பை உணர்த்தினார். அறுபது வயதைக் கடந்த பின்னும் வானூர்தியில் உயரப் பறந்து வெள்ளிக் கோளை ஆராய்ந்தார். 1973 டிசம்பரில் மெக்சிகோவில் மறைந்தார்.

அவர் கருத்துகள் யாவும் நிலைபெற்றன எனல் இயலாது. செவ்வாயில் பாறைப்பாசி போன்ற எளிய உயிர்கள் இருக்கக்கூடும் என்று கருதினார்; விண்கலங்கள் அதற்குச் சான்று காணவில்லை. டைட்டனின் காற்றில் மீத்தேன் சிறுபகுதியே, நைட்ரஜனே பெரும்பகுதி என 1980 இல் வாயேஜர் 1 காட்டியது. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பட்டை இன்று அவர் பெயரால் வழங்குகிறது; ஆயின் அத்தகைய பட்டை இன்றளவும் எஞ்சியிராது என்பதே 1951 இல் அவர் கொண்ட முடிபு! பிழை கண்டபோதும் அறிவுலகம் அவரை மறக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய பறக்கும் வானாய்வகம் 1988 இல் புளூட்டோவின் மெல்லிய காற்று மண்டலத்தைக் கண்டறிந்தது. 2005 சனவரி 14 அன்று ஹைகன்ஸ் ஆய்வுக்கலம், கைப்பர் கண்ட அதே டைட்டன் காற்றினூடே வான்குடையில் மிதந்து தரையிறங்கியது. 1655 இல் டைட்டனைக் கண்டறிந்த ஹைகன்சும் கைப்பர் பிறந்த மண்ணின் மைந்தரே.

எளிய குடிப்பிறப்பு தடையன்று; பிறர் புறக்கணித்த துறை இழிவுமன்று; பிழையும் முடிவன்று. நம் மாணவச் செல்வங்கள் கைப்பரின் வாழ்வில் கற்கத்தக்க பாடம் இதுவேயாம்.