பப்பானில் ஒரு தாதி

வகுப்பில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் ஒன்று கேட்பார்கள். பேரரசுகள் மோதிக்கொண்ட போரில் சாதாரண மக்களுக்கு என்ன பங்கு? பதிலாக நான் சொல்வது சிபில் கார்த்திகேசுவின் வாழ்க்கையை.

சிபில் 1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் யுரேசியக் குடும்பமொன்றில் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். ஈப்போ புரூஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் நடத்தினர். சிபில் கன்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனர்களும் அவரை நம்பி வந்தனர்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதே மாதம் ஈப்போவிலும் குண்டுகள் விழுந்தன. சிபிலின் குடும்பம் அருகிலுள்ள பப்பான் என்ற ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. பீரங்கிச் சத்தம் ஓய்ந்தாலும் மக்களின் துன்பம் அதன் பிறகுதான் பெருகியது. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி வந்தது. அந்த வரத்து குறைந்ததும் மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவானது. வாழை மரப் படம் அச்சிட்ட ஜப்பானியப் பணம் மதிப்பிழந்துகொண்டே போனது. தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பலர் திரும்பவே இல்லை.

பப்பானில், காட்டிலிருந்து போராடிய ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காயங்களோடு இரவில் சிபிலின் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மருந்திட்டு அனுப்பினார். ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டு, நம்பிக்கையானவர்களுக்குச் சொன்னார். காயத்துக்குக் கட்டுப் போடுவது தாதியின் அன்றாட வேலை. ஆக்கிரமிப்பில் அதுவே பெருங்குற்றமானது.

1943-இல் கணவரும் அவரும் கைது செய்யப்பட்டனர். கெம்பித்தாய் எனும் ஜப்பானிய இராணுவக் காவல்படை அவரைக் கொடூரமாகச் சித்திரவதை செய்தது. அவர்கள் கேட்டது பெயர்களை. அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலும் இன்னொரு குடும்பம் அழிந்திருக்கும். அவருடைய சின்ன மகளைக் கண்ணெதிரே தீயில் எரிப்பதாக மிரட்டியபோதும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

1945-இல் பத்து காஜா சிறையிலிருந்து விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. ஆனால், சித்திரவதையில் தாடையில் பட்ட காயம் நஞ்சாகி, 1948 ஜூன் 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் இறந்தார். அப்போது வயது 48. மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்களே, போர் 1945-இல் முடிந்ததென்று தேர்வில் எழுதுகிறோம். அது சரியான விடைதான். ஆனால், சிபிலின் உடலில் அந்தப் போர் மேலும் மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஈப்போவில் அவர் பெயர் தாங்கிய சாலையைக் கடக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.