ஆறு கம்பி, ஒரு காந்தம், இரண்டு வருஷம்

நம்ம கல்ச்சுரல்ஸ் மேடையில இதைப் பார்த்திருப்பீங்க. டிரம்ஸ் அதிரும், கீபோர்டு முழங்கும். ஓரத்துல ஒருத்தர் சாதா கிடாரை வெச்சுக்கிட்டு உயிரைக் கொடுத்து வாசிப்பார். மைக் இல்லைன்னா முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது.

1930களில் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் கிடார் வாசித்தவர்களின் நிலைமையும் இதுதான். பத்துப் பதினைந்து பேர் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஊதும்போது, பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குத் துணை நிற்பதுதான் கிடாரின் வேலை. தனியாக வாசிக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் சார்லி கிறிஸ்டியன்.

1916 ஜூலை 29-ஆம் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் பான்ஹாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஓக்லஹோமா சிட்டியில். கறுப்பினக் குடும்பம். அப்பாவுக்குக் கண்பார்வை போய்விட்டது. அப்பாவும் பிள்ளைகளும் தெருத்தெருவாகப் போய் வாசித்துக் காசு சம்பாதித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பு நடக்கும்போது சார்லி சுருட்டுப் பெட்டிகளை வைத்துக் கிடார் செய்துகொண்டிருப்பாராம். அதே ஊரில் வளர்ந்து, பிறகு பெரிய நாவலாசிரியரான ரால்ஃப் எலிசன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1936-ல் கிப்சன் கம்பெனி ஈ.எஸ்-150 என்ற மின்சார கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தத்துவம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபாரடே விதிதான். கம்பிகளுக்குக் கீழே ஒரு எஃகுத் தகடு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், கிடாரின் வயிற்றுக்குள் பெரிய காந்தம். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அவ்வளவுதான்.

கடைக்குப் போய் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கருவி இது. பல பேர் வாங்கவும் செய்தார்கள். ஆனால் சத்தம் கூடிவிட்டது என்பதற்காகப் பழைய வேலையையே சத்தமாகச் செய்ய சார்லி விரும்பவில்லை. சாக்ஸஃபோன் ஊதுகிற மாதிரி, நீளமான ஒற்றைச் சுர வரிகளைக் கிடாரில் வாசித்தார். கிடாரால் இப்படியும் பேச முடியுமா என்று கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

ஆனாலும் ஓக்லஹோமாவைத் தாண்டி அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் சொல்லித்தான் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் அவரைத் தேடிப் போனார். 1939 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பென்னி குட்மேனிடம் அனுப்பிவைத்தார். அப்போது அமெரிக்காவின் மிகப் பிரபலமான குழுத் தலைவர்களில் குட்மேனும் ஒருவர். முதலில் அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அன்று இரவு ஹேமண்ட் சொல்லாமல் கொள்ளாமல் சார்லியை மேடையில் ஏற்றிவிட்டார். 'ரோஸ் ரூம்' என்ற ஒரே பாட்டு நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஓடியதாகச் சொல்வார்கள். சார்லிக்கு வேலை உறுதியானது.

இங்கேதான் பத்திரிகை ஓட்டு வருது. மெட்ரோனோம், டவுன்பீட் என்ற இரண்டு இசைப் பத்திரிகைகள் வருஷா வருஷம் வாசகர்களிடம் ஓட்டுக் கேட்கும். சிறந்த டிரம்பெட் யார், சிறந்த டிரம்ஸ் யார் என்று வாத்தியம் வாரியாக ஓட்டு. மெட்ரோனோம் ஒரு படி மேலே போய், முன்னணியில் வந்தவர்களை ஒரே ஸ்டூடியோவில் கூட்டி 'மெட்ரோனோம் ஆல் ஸ்டார்ஸ்' என்ற பெயரில் இசைத்தட்டும் வெளியிட்டது. ஐபிஎல் டீம்களில் இருந்து ரசிகர்களே ஓட்டுப் போட்டு ஒரு லெவன் எடுக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

1940 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த பதிவில் கிடார் நாற்காலி சார்லிக்கு. ஆறு மாசத்துக்கு முன்னால் பெயரே தெரியாத ஆள்! பக்கத்தில் ஹாரி ஜேம்ஸ், ஜாக் டீகார்டன், ஜீன் க்ரூப்பா, குட்மேன். 'ஆல் ஸ்டார் ஸ்ட்ரட்' என்ற உருப்படியில் ஒன்பது பேர், இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பதோ மூன்று நிமிஷம்தான். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதே அபூர்வமாக இருந்த நாட்டில், வாசகர் ஓட்டு இரண்டு பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்தது. அந்த வருஷக் குழுவில் கறுப்பினக் கலைஞர்கள் சார்லியும் பென்னி கார்ட்டரும் மட்டும்தான். 1941 ஜனவரிப் பதிவில் கவுண்ட் பேஸி, கோல்மன் ஹாக்கின்ஸ் எனப் பலர் சேர்ந்தார்கள். கிடாருக்கு மறுபடியும் சார்லிதான்.

வேலை முடிந்த இரவுகளில் ஹார்லெமில் உள்ள மின்டன்ஸ் பிளேஹவுஸுக்குப் போய்விடியும்வரை வாசிப்பார். தெலோனியஸ் மாங்க், கென்னி கிளார்க் போன்றவர்களோடு அங்கே முளைத்ததுதான் பின்னாளில் பீபாப் எனப்பட்ட புது ஜாஸ். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெர்ரி நியூமன் ஒரு பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அதையெல்லாம் பதிவு செய்தார். அந்த மாணவர் போகாமல் இருந்திருந்தால், சார்லி அங்கே வாசித்ததில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது.

ஏற்கெனவே காசநோய் அவரைப் பிடித்திருந்தது. 1941 நடுவில் முற்றிப்போய், ஸ்டேட்டன் ஐலண்டின் சீவியூ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்திலும் வாசகர்கள் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். 1942 மார்ச் 2 அன்று காலமானார். வயது 25. பத்து வருஷம் கழித்து, காசநோயை விரட்டும் ஐசோனியசிட் மாத்திரை சோதிக்கப்பட்டது அதே சீவியூவில்தான். நினைச்சாலே மனசு கனக்குது.

ஓக்லஹோமாவில் வாசித்த சார்லிக்கும் ஆல் ஸ்டார்ஸில் வாசித்த சார்லிக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: மேரி லூ வில்லியம்ஸ் ஒரு வார்த்தை சொன்னார். நம்ம கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல அப்படி யாராவது இருக்கலாம். தெரிஞ்சா நாலு பேர்கிட்ட சொல்லுங்க.

அந்தக் காந்தமும் சுருளும் சேர்ந்த பிக்கப்புக்குக் கிடார் உலகத்தில் இன்றைக்கும் 'சார்லி கிறிஸ்டியன் பிக்கப்' என்றுதான் பெயர். அதைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று காட்டியது அவர்தானே!