தொப்பிப் பெட்டியில் வந்த புதையல்!

கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையை நிறுவிய யாகப்சனின் வாழ்க்கை

1845-ம் ஆண்டு. ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில் இருந்து ஒரு குதிரை வண்டி புறப்பட்டது. அதில் ஒரு விசித்திரமான பயணி இருந்தார். வண்டி எங்கே நின்றாலும் அவர் முதல் ஆளாகக் கீழே இறங்குவார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தேடுவார். தம்மிடம் இருந்த இரண்டு பாத்திரங்களின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுவார். பிறகுதான் அவருக்கு நிம்மதி!

பாத்திரங்களில் இருந்தது என்ன? தங்கமா, வைரமா? இரண்டும் இல்லை. சேறு போல் குழகுழவென்று இருந்த ஈஸ்ட்! அதைத் தமது தொப்பிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள்.

அந்தப் பயணியின் பெயர் யாகோப் கிறிஸ்டியன் யாகப்சன். பின்னாளில் டென்மார்க் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் ஆனவர் இவர்தான்.

துணி வெளுக்கும் கொப்பரை

யாகப்சன் 1811-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தை கிராமத்தில் இருந்து பிழைப்பு தேடி வந்தவர். பீர் காய்ச்சும் தொழில் கற்று, சொந்தமாக ஒரு சிறு ஆலை வைத்தார். 1835-ம் ஆண்டில் அவர் இறந்துபோனார். ஆலையின் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்து டென்மார்க் பீர் சில நாட்களில் தயாராகிவிடும். ஆனால் சீக்கிரமே புளித்துக் கெட்டுவிடும். ஒரு நாள் இருந்த ருசி மறுநாள் இருக்காது. ஜெர்மனியின் பவேரியா பகுதியில் காய்ச்சப்பட்ட பீரோ வேறு மாதிரி இருந்தது. அதைக் குளிரான நிலவறையில் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் வைத்து முதிர விடுவார்கள். அதனால் அது தெளிவாக இருக்கும், நெடுநாள் கெடாது. ஜெர்மன் மொழியில் 'லாகர்' என்றால் சேமித்து வைக்கும் இடம். அதுவே பீரின் பெயரும் ஆயிற்று.

அத்தகைய பீரைத் தாமும் காய்ச்ச வேண்டும் என்று யாகப்சனுக்கு ஆசை. சோதனை செய்யப் பெரிய ஆலை தேவைப்படவில்லை. அம்மாவின் வீட்டில் துணி வெளுக்கும் செம்புக் கொப்பரை இருந்தது. அதிலேயே காய்ச்சிப் பார்த்தார்!

முளை கட்டிய பார்லியை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊற வைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதோடு 'ஹாப்ஸ்' என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரிந்த வேலை. ஆனால் ஆறிய சாற்றில் சேர்க்க, குளிரிலும் வேலை செய்யும் நல்ல ஈஸ்ட் வேண்டுமே! அதற்காகத்தான் மியூனிக் பயணம்.

நம் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்ற நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல பீர் காய்ச்சுவோர் ஒருமுறை உண்டான ஈஸ்டை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள். மியூனிக்கில் ஸ்பாட்டன் ஆலையை நடத்தி வந்த கேப்ரியல் செடில்மேயர், தமது ஆலையின் ஈஸ்டில் கொஞ்சம் யாகப்சனுக்குக் கொடுத்தார். சூடு பட்டால் அது கெட்டுவிடும். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றியதன் ரகசியம் இதுதான்!

மகன் பெயரில் ஆலை

ஈஸ்ட் உயிரோடு வந்து சேர்ந்தது. கோபன்ஹேகன் கோட்டை மதிலின் அடியில் இருந்த குளிர்ந்த நிலவறைகளில் பீரை முதிர வைத்தார். மக்களுக்கு அது பிடித்துப் போயிற்று.

நகருக்கு வெளியே ஒரு குன்றின் மீது புதிய ஆலை கட்டினார். ஒரே மகன் கார்லுக்கு அப்போது 5 வயது. 'கார்ல்' என்ற அவன் பெயருடன், குன்று என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்து ஆலைக்குக் கார்ல்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார். 1847-ம் ஆண்டு நவம்பர் 10-ந்தேதி அங்கே முதன்முதலாகப் பீர் காய்ச்சப்பட்டது. 1867-ல் ஆலை தீக்கு இரையானது. யாகப்சன் தளரவில்லை. மீண்டும் கட்டினார்.

தந்தைக்கும் மகனுக்கும் போட்டி

கார்ல் வளர்ந்தான். தந்தை அவனை வெளிநாடுகளுக்கு அனுப்பித் தொழில் கற்க வைத்தார். திரும்பி வந்ததும் தனியாக ஓர் ஆலையும் கட்டிக் கொடுத்தார். அங்கேதான் வினை பிறந்தது!

லாகர் என்றால் பொறுமை வேண்டும். நீண்ட நாள் முதிர விட வேண்டும் என்பது தந்தையின் கொள்கை. சீக்கிரம் தயார் செய்து, அதிகம் விற்க வேண்டும் என்பது மகனின் எண்ணம். வாக்குவாதம் முற்றியது. தாம் கட்டிக் கொடுத்த ஆலையை விட்டு வெளியேறும்படி மகனுக்குத் தந்தை உத்தரவு போட்டார். கார்ல் பக்கத்திலேயே சொந்த ஆலை தொடங்கினார்.

அடுத்து, பெயருக்குச் சண்டை! கார்ல்ஸ்பர்க் என்ற பெயரை மகன் பயன்படுத்தக் கூடாது என்றார் தந்தை. எந்த மகனின் பெயரை ஆசையோடு ஆலைக்கு வைத்தாரோ, அதே மகனுக்கு அந்தப் பெயரை மறுத்தார்! கடைசியில் ஒன்று 'பழைய கார்ல்ஸ்பர்க்', மற்றது 'புதிய கார்ல்ஸ்பர்க்' என்று ஆயிற்று. தம் ஆலையை மகனுக்கு வைக்காமல், தாம் 1876-ல் நிறுவிய அறிவியல் அறக்கட்டளைக்கே எழுதி வைத்தார் யாகப்சன்.

ஊருக்குக் கொடுத்த ரகசியம்

1875-ல் அவர் ஓர் ஆராய்ச்சிசாலை தொடங்கியிருந்தார். அங்கே கண்டுபிடிக்கும் எதையும் மறைத்து வைக்கக் கூடாது. உலகுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று விதி செய்தார்.

அந்த விதிக்கு 1883-ல் சோதனை வந்தது. பழைய கார்ல்ஸ்பர்க் ஆலையின் பீர் கசந்து கெடத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற விஞ்ஞானி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நல்ல ஈஸ்டோடு காட்டு ஈஸ்டும் கலந்திருந்தது! பயிருக்குள் களை புகுந்தது போலத்தான்.

ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் உயிரணுவைத் தனியே பிரித்தார். அதைப் பல கோடியாகப் பெருக வைத்தார். அந்தத் தூய ஈஸ்டைக் கொண்டு 1883 நவம்பர் 12-ந்தேதி பீர் காய்ச்சினார்கள். கெட்ட ருசி மறைந்தது.

இந்த ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். யாகப்சன் அப்படிச் செய்யவில்லை. முறை வெளியிடப்பட்டது. ஈஸ்டும் மற்ற ஆலைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஒருநாள் செடில்மேயர் கொடுத்த இரண்டு பாத்திர ஈஸ்டுக்கு உலகத்துக்கே வட்டியோடு கடன் தீர்ந்தது!

இன்று பல நாடுகளில் வீட்டிலேயே ஜெர்மன் முறை லாகர் காய்ச்சிப் போட்டிகளுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். யார் காய்ச்சியது என்று நடுவர்களுக்குத் தெரியாது. நிறம், நுரை, மணம், ருசி ஆகியவற்றைப் பார்த்து மார்க் போடுவார்கள். லாகரில் சிறு குறை இருந்தாலும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். இந்த வீட்டுக்காரர்கள் கடையில் வாங்கும் தூய ஈஸ்ட், ஹான்சன் காட்டிய வழியில் வளர்க்கப்படுவதுதான்.

கடைசி நாட்கள்

1886-ல் தந்தையும் மகனும் பகை மறந்து ஒன்று சேர்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1887 ஏப்ரல் 30-ந்தேதி, இத்தாலியின் ரோம் நகரில் யாகப்சன் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

தமக்குக் கிடைக்காத சொத்தை நினைத்து மகன் புழுங்கவில்லை. 1902-ல் தமது புதிய கார்ல்ஸ்பர்க் ஆலையையும் அதே அறக்கட்டளைக்குக் கொடுத்தார்! 1906-ல் இரண்டு ஆலைகளும் ஒன்றாயின. கோபன்ஹேகன் கடற்கரையில் உலகமே பார்த்து ரசிக்கும் கடல்கன்னி சிலையைச் செய்வித்தவரும் இந்தக் கார்ல்தான்.

யாகப்சன் வாழ்ந்த மாளிகை, அவர் விருப்பப்படியே அறிஞர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் 1932 முதல் 1962-ல் இறக்கும் வரை அங்கேதான் வசித்தார். அம்மாவின் கொப்பரையில் தொடங்கிய தொழில், அணுவை ஆராய்ந்த மேதைக்கும் வீடு கொடுத்தது!